கண்ணேறு பட்ட கல்

அத்தியாயம் 4

பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு அம்பலவாணன் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றில் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டர் கார்த்திகையிலிருந்து மாசிக்குப் போய்விட்டது. நான்தான் போய் அதைத் திருப்பிக் கார்த்திகைக்குக் கொண்டுவந்தேன்.

தேக்குப் பெட்டி. பித்தளைப் பூட்டு. உள்ளே புது மாப்பிள்ளைக்குத் தைத்த மாதிரி வெல்வெட் மெத்தை. மெத்தையின் நடுவில் கல் படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. கல் மட்டும் இல்லை. பள்ளத்தில் கைக்குட்டை அளவில் ஒரு சிவப்புத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் அம்பலவாணன். "கணேஷ்ராம். நீங்க துப்பறிய ஒண்ணும் இல்லை. அவன்கிட்டேருந்து கல்லை வாங்கித் தந்தாப் போதும். இன்னைக்கு விளக்கு வைக்கதுக்குள்ள கல்லு வரலைன்னா நான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிருவேன். நாளைக்குக் காலையில மியூசியத்துக்காரங்க வாராங்க. வெறும் மெத்தையையா காட்ட முடியும்?"

என் முதலாளி சுகிர்தா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பாளையங்கோட்டையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிப்பதும், கல்யாணத்துக்குப் பின் அதே மாப்பிள்ளையைத் தேடுவதும்தான் வழக்கமான வேலை. என் பெயர் பாபநாசம். மின்வாரியத்தில் முப்பத்துச் சொச்சம் வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்று, இப்போது இவளுக்கு உதவியாளன். என் மகள் வயசுதான். ஆனாலும் இவள் மூக்கு மீது எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நான் கண்ணாடி போட்டுத் தேடுவதை இவள் மோந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"அப்படி என்ன கல்லு சார் அது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்பலவாணனும் கணேஷ்ராமும் ஒரே கல்லூரியில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மண்ணியல் நடத்தியவர்கள். பாடம் நடத்த ஆள் கிடைக்காமல் ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் கேள்வி கேட்பது, அணையின் மதகை நாமே போய்த் தூக்கிவிடுவது போல.

"சீவலப்பேரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல கிணறு வெட்டினாங்க. அடியில கருப்புக் களிமண்ணு. அதுக்குள்ள ஒரு சாண் நீளத்துல மரக்கிளை. பாத்தா கணு இருக்கு, பட்டை இருக்கு. தூக்கினா உலோகம். தங்கம் மாதிரி மினுங்கும். நான் போய்க் கையோட வாங்கிட்டு வந்தேன்."

"மரம் எப்படி சார் உலோகம் ஆகும்?"

"மரம் சகதிக்குள்ள விழுந்து கெடக்குன்னு வைங்க. காத்து போகாது. அழுகும். அந்த அழுகலைத் தின்னு பொழைக்கிற நுண்ணுயிருக, தண்ணியில கெடக்க கந்தகத்தை முட்டை நாத்தமா மாத்தும். அந்த வழியா செம்பும் இரும்பும் கரைஞ்ச தண்ணி ஊறி வரும். நாத்தம் பட்டதும் செம்பால கரைஞ்சு இருக்க முடியாது, அங்கனயே படிஞ்சிரும். மரத்துல ஒவ்வொரு அறையாக் காலியாக ஆக, செம்பும் இரும்பும் குடி வந்துரும். கடைசியில மரம் போயிரும், உருவம் மட்டும் நிக்கும்."

"வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்குன மாதிரி."

"அதேதான். அழுகல் இல்லாம இந்தத் தாது இல்லை. நம்ம ஆத்தோரக் கருப்புமண்ணுல இது நடக்கும்னு நான் சர்வீஸ் பூரா சொன்னேன். ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாலயும் கணேஷ்ராம் சிரிச்சான். கல்லு கெடச்சதும் அவன் சிரிப்பு நின்னுது. தீவாளிக்கு வந்தான். பாத்தான். ஒரு வார்த்தை பேசலை. அப்பமே நினைச்சேன்."

"அதுக்கு அப்புறம் நீங்க பெட்டியைத் திறக்கலையா?" என்றாள் சுகிர்தா.

"இன்னைக்குக் காலை வரைக்கும் திறக்கலை. பாத்தவன் கண்ணெல்லாம் போதும்னு பூட்டிட்டேன். சாவி பூஜை ரூம்ல சாமி படத்துக்குப் பின்னால இருக்கும். அது எனக்கும் என் வீட்டுக்காரிக்கும்தான் தெரியும்."

"அப்போ கணேஷ்ராமுக்கு?"

"அவனுக்கா? இந்த வீட்டுல உப்பு எங்க இருக்கு, புளி எங்க இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியும். அவ்வளவு நாள் இங்கன சாப்பிட்டிருக்கான்."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பிரம்மநாயகி காப்பியுடன் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கண் நிறையக் கோபம். "அவுகதான் எடுத்தாக. நான் கோயில்ல வச்சும் சொல்லுவேன்" என்றார். காப்பி அமிர்தம். இப்படி ஒரு காப்பியைத் தினம் குடிக்கிற மனுஷனுக்குக் கல் வேறு எதற்கு என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

சுகிர்தா சிவப்புத் துணியை விரித்தாள். ஓரமெல்லாம் நல்ல சிவப்பு. நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் திட்டு. திட்டுக்குள் சல்லடை மாதிரி ஓட்டைகள்.

"எலி" என்றேன்.

"எலி ஓரத்துலேருந்துல்லா கடிக்கும் அண்ணாச்சி. இது ஓரத்தைத் தொடாம நடுப்பந்தியில உக்காந்து சாப்பிட்டிருக்கு." மூக்கருகே கொண்டுபோனாள். "தீக்குச்சி வாசனை வருது." மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நானும் மோந்து பார்த்தேன். எனக்குக் காப்பி வாசனைதான் வந்தது.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். கொல்லையில் வாழைமரத்தடியில் ஒரு சாக்கடைக் குழி. நான் அந்தப் பக்கம் காலை வைத்ததும், "அங்கன மிதிக்காதீங்க அண்ணாச்சி, இங்கன குழாய் இருக்கு" என்று பிரம்மநாயகி ஓடி வந்தார். குளிருக்கும் வெயிலுக்கும் பழகிய என் காலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனேன்.

வாசலில் மளிகைக் கடைக்காரர் ஒரு யானையை ஊறுகாய் போடும் அளவுக்குக் கல் உப்பு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. இனிமே வேண்டாம்" என்றார் பிரம்மநாயகி.

"வாராவாரம் வேணும்னு நீங்கதானக்கா சொன்னீய."

"வேண்டாம்னா வேண்டாம்."

கடைக்காரர் மூட்டையைத் திரும்பத் தூக்கினார். சுகிர்தா அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

என் காரில் கல்லிடைக்குறிச்சிக்கு, கணேஷ்ராம் வீட்டுக்குப் போனோம். என் கார் மூன்றாவது கியருக்கு மாறும் சத்தம் கேட்டு அம்பாசமுத்திரத்தில் நாய் குரைக்கும். தெரு முழுக்க மொட்டைமாடிகளில் அப்பளம் காய்ந்தது. மழை விட்டு ஒரு நாள் வெயில் கிடைத்த ஆத்திரத்தில் எல்லாரும் ஒரேயடியாகக் காயவைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்த கணேஷ்ராமின் விரல்களைப் பார்த்ததும் நான் சுகிர்தாவின் முழங்கையை இடித்தேன். பத்து விரலும் மயில் கழுத்து நிறம். அந்தக் கல்லில் செம்பு இருக்கிறது என்று அன்று காலைதான் பாடம் படித்திருக்கிறேன்; செம்புக் களிம்பு இந்த நிறம்தான். கேஸ் முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"அம்பலவாணன் அனுப்புனானா?" என்றார் கணேஷ்ராம். ஒல்லியான மனுஷன். காற்றடித்தால் கொடியில் கிடக்கும் துண்டுதான் இவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். "கல்லைக் காணும்னு போன்ல சொன்னான். நான் திருடன்னும் சொன்னான். உள்ள வாங்க, திருட்டுப் பொருளைக் காட்டுதேன்."

குளியலறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே குளிக்க இடமில்லை. ஜன்னல், திண்டு, தரை எல்லாவற்றிலும் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் கரிய சேறு, அதில் ஒரு மருதமரக் குச்சி, மேலே நீலத் தண்ணீர்.

"இது என்ன சார், ஊறுகாயா?"

"பொறாமைவே. ஜாடியில போட்டு வச்சிருக்கேன்."

எனக்கு வாய் மூடிக்கொண்டது. அது வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும்.

"அவன் சொன்னது தப்புன்னு காட்ட ஆரம்பிச்சேன்" என்றார் கணேஷ்ராம். "குளத்துச் சேறு, குச்சி, செம்புக்கு மயில்துத்தம் கரைச்ச தண்ணி. குச்சியில செம்பு ஏறாது, அவன் மூஞ்சில கரி பூசலாம்னு நினைச்சேன். தீவாளிக்குப் போய் அந்தக் கல்லைக் கையில வாங்குனேன். அவன் சொன்னது சரி. கல்லே சொல்லிட்டு. திரும்பி வாற வழியெல்லாம் எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. அதுக்கு அப்புறம் இவ்வளவு ஜாடியும் எனக்குன்னு ஒரு கல்லு வேணும்னு வச்சது."

"வந்துதா?" என்றாள் சுகிர்தா.

"எங்க வருது? சேறு பழுத்து நாத்தம் வரும். நாத்தம் வந்ததும் எனக்கு ஆசை தாங்காது, மயில்துத்தத்தை அள்ளிக் கொட்டிருவேன். மறுநாள் நாத்தமே இருக்காது. வேலைக்காரனெல்லாம் செத்துப் போயிருப்பான்."

"வேலைக்காரனா?"

"நுண்ணுயிருவே. செம்பு சாஸ்தியானா அதுக்கு விஷம். பையப் பையக் குடுக்கணும். எனக்குப் பொறுமை இல்லை. இந்த நாத்தத்துல வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயிட்டா. இதுதான் கண்ட பலன்."

"நல்லா நடிக்கீங்க சார்" என்றேன். "நிஜக் கல்லை எந்த ஜாடிக்கு அடியில வச்சிருக்கீங்க?"

"ஒவ்வொரு ஜாடியா நீரே கையை விட்டுப் பாரும்."

எட்டிப் பார்த்தேன். வாசனையிலேயே விசாரணையை முடித்துக்கொண்டேன்.

"சார், வீட்டுல எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றாள் சுகிர்தா. இந்தக் குளியலறையில் நின்றுகொண்டு ஜூஸ் கேட்கிறாளே என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து, அதன் ஓரத்தில் அரைப் பழத்தைப் பிழிந்தாள். சாறு விழுந்த இடம் எங்கள் கண் முன்னால் சிவப்பு போய் மஞ்சளாயிற்று. நடுவில் இருந்த அதே மஞ்சள்.

"அண்ணாச்சி, வீட்டுல ஆலத்தி எப்படிக் கரைக்காங்க?"

"மஞ்சளைக் கரைச்சு சுண்ணாம்பைப் போடுவாங்க. சிவந்துரும்."

"அதுல புளிப்பு பட்டா?"

"திரும்ப மஞ்சளா…" எனக்கு விளங்க ஆரம்பித்தது. அதற்குள் கணேஷ்ராமுக்கு முழுக்க விளங்கிவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"துணியைத் துளைக்கிற புளிப்பு" என்றார். "கந்தகப் புளிப்பு. போச்சு. கல்லு போச்சு."

"யாரு எடுத்தா?" என்றேன்.

"யாரும் எடுக்கலைவே. அந்த மாதிரிக் கல்லுல ஈரம் ஏறினா, உள்ள இருக்க கந்தகம் திராவகமா மாறும். அந்தத் திராவகமே கல்லைத் தின்னும். தின்னத் தின்ன இன்னும் ஈரம் இழுக்கும். பூமிக்குள்ள காத்துப் படாம அத்தனை காலம் இருந்தது, மேல வந்தா மழைக்காலம்கூடத் தாங்காது. தீவாளிக்கு அன்னைக்கே பிரம்மநாயகிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஈரம் ஆகாது, உப்பு ஆகாது, காய்ஞ்ச இடத்துல வைங்க, இல்லன்னா உதிர்ந்து போயிரும்னு. வயித்தெரிச்சலோட வயித்தெரிச்சலா, அந்த ஒரு நல்லது நான் செஞ்சேன்."

காலடியில் இருந்த ஜாடி ஒன்றைக் காலால் தள்ளி வைத்தார். "நாப்பது வருஷம் இவனைப் பாத்தே பொறாமைப்பட்டுப் பழகிட்டேன். இந்த வயசுல இனிமே புதுசா நான் யாரைப் போய்த் தேட?"

சுகிர்தா துணியை மடித்தாள். "சார், சட்டையை மாத்திக்கிட்டு எங்ககூட வாங்க. விளக்கு வைக்கதுக்குள்ள போகணும். இல்லன்னா உங்க சிநேகிதர் ஸ்டேஷன்ல உங்க பேரை எழுதிக் குடுத்துருவாரு."

"குடுக்கட்டும். கல்லே போச்சு, பேரு இருந்தா என்ன."

"உங்களுக்குத்தான் சார் சொல்லுதேன். நாளைக்குக் கல்லிடைக்குறிச்சியில நீங்க திருடன்."

எழுந்தார். சட்டையை மாற்றினார். விரலில் இருந்த நிறம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

*

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்பலவாணன் வெள்ளைச் சட்டையுடன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கணேஷ்ராமைப் பார்த்ததும் ஒரு செருப்போடு நின்றார்.

"ஏலே, கல்லு எங்கலே?"

"உன் வீட்டுல தேடுலே."

"கையைப் பாருங்க. இவன் கையைப் பாருங்க. செம்பு."

"இது கடையில வாங்குன செம்பு. உன் பொருளுக்கு நான் கையை நீட்டணும்னா, நீ ஸ்டாஃப் ரூம்ல தூங்குத நேரமெல்லாம் நீட்டியிருக்கலாம்."

இரண்டு பேர் சத்தத்தில் எதிர்வீட்டு மாமரத்தில் இருந்த காக்கை கூட்டைக் காலி செய்துகொண்டு மேலப்பாளையம் பக்கம் போய்விட்டது. சுகிர்தா இவர்களைத் தாண்டி நேராக அடுக்களைக்குப் போனாள். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம்.

"அக்கா" என்றாள் பிரம்மநாயகியிடம். "வாராவாரம் உப்பு வாங்கினீங்க. இன்னைக்கு வேண்டாம்னுட்டீங்க. ரெண்டு பேர் இருக்க வீட்டுல அவ்வளவு உப்பும் என்ன ஆச்சு?"

பிரம்மநாயகி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"பெட்டியில இருந்தது நீங்க ஆலத்தியில நனைச்ச துணி. திருட வந்தவன் ஆலத்தி கரைச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டான்."

அந்த அம்மாள் மெதுவாகப் பரணிலிருந்து ஒரு பழைய பீங்கான் ஜாடியை இறக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் நீலப் பச்சையாக ஒரு வளையம்.

"தீவாளிக்கு இவுக வந்தாகல்லா" என்றார் கணேஷ்ராமைக் காட்டி. "அந்தக் கல்லை எப்படிப் பாத்தாக தெரியுமா? சோறு கண்டு பத்து நாளான மாதிரி. போகும்போது வேற 'உதிர்ந்து போயிரும், உதிர்ந்து போயிரும்'னு சொன்னாக. நல்ல நாளும் அதுவுமா அப்படி ஒரு வாயி. எனக்குப் பயம் வந்துட்டு. கண்ணேறு பட்டா கல்லுப்பு இழுத்துரும். ஆலத்தித் துணியை நனைச்சு, கல்லை அதுல சுத்தி, உப்பு ஜாடிக்குள்ள வச்சேன். வெள்ளிக்கிழமை ஆனா உப்பை மாத்துவேன். பழைய உப்பைத் தண்ணியில கரைச்சு யாரும் மிதிக்காத இடமாப் பாத்து ஊத்துவேன்."

"ஈரத் துணி" என்றார் கணேஷ்ராம்.

"உப்பு" என்றார் அம்பலவாணன்.

"வாராவாரம் கல்லு இளைச்சுது" என்றார் பிரம்மநாயகி. "உதிர்ந்து உதிர்ந்து உப்போட வந்துது. எவ்வளவு பெரிய கண்ணு பாருங்கன்னு நான் இன்னும் உப்பை அள்ளிப் போட்டேன். போன வெள்ளிக்கிழமை துணிதான் இருந்துது. அதைக் கொண்டுபோய் அது இருந்த பெட்டியிலேயே வச்சேன். நான் பொய் சொல்லலை. எடுத்தது இவுகதான். பாத்துப் பாத்தே எடுத்துட்டாக."

நான் பார்த்த எத்தனையோ திருட்டில் இப்படி ஒரு திருட்டு கிடையாது. திருடன் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஜாடி கழுவிக்கொண்டிருக்கிறான்; கல் இங்கே தானே தன்னைத் தின்றிருக்கிறது; காவல் காத்த அம்மா உப்புப் போட்டுப் பரிமாறியிருக்கிறார்.

அம்பலவாணன் கையிலிருந்த புகார் மனுவை நாலாக மடித்தார். இன்னும் மடித்தார். அது அஞ்சல் தலை அளவுக்கு வந்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு அவங்க வந்து கேப்பாங்க" என்றார். "என்னத்தைக் காட்ட? நான் சொன்னது சரின்னு சொல்ல உலகத்துல இருந்தது அந்த ஒரு சாண் கல்லுதான்."

சுகிர்தா கேட்டாள். "அக்கா, அந்தத் தண்ணியை எங்க ஊத்தினீங்க?"

காலையில் என் காலுக்குக் கிடைத்த மரியாதை ஞாபகம் வந்தது. "வாழைமரத்தடி சாக்கடைக் குழி" என்றேன். ஒரே ஒரு முறை இவளை முந்திவிட்டேன். ஆனால் எனக்கு முன்னால் கணேஷ்ராம் கொல்லையில் இருந்தார்.

குழியில் பழைய தேங்காய் மட்டைகள் கிடந்து அழுகிக் கருத்த சேறாகியிருந்தன. முட்டை நாற்றம் வாழை இலையைத் திருப்பிப் போட்டது. வேட்டியை மடித்துக் கட்டிய கணேஷ்ராம் முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு மட்டைத் துண்டை இழுத்தார். குழாயில் கழுவினார். சாயங்கால வெயிலில் திருப்பினார்.

மட்டையின் நாரெல்லாம் கருநீலமாகப் படலம் பிடித்திருந்தது. அங்கங்கே பொன் மினுக்கம். அப்படியே மயில் ஒன்று தேங்காய்க்குள் ஒளிந்துகொண்டது போல இருந்தது.

"ஏலே அம்பலவாணா" என்றார். "செம்புலே. உன் கல்லுல இருந்து கரைஞ்ச செம்பு. அழுகல்ல வந்து திரும்பவும் உக்காந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனதால நுண்ணுயிரும் சாகலை. நான் ஜாடி ஜாடியா வச்சுக் கும்பிட்டும் வராதது, உன் வீட்டுச் சாக்கடையில வந்திருக்குலே. உன் சாக்கடைக்குக்கூட யோகம்."

அம்பலவாணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த நாரை நெடுநேரம் பார்த்தார். மடித்து வைத்திருந்த மனுவைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கையைக் கழுவிட்டுக் காப்பி குடிலே" என்றார். "கல்லு இருந்தா, இது எப்படி உண்டாச்சுன்னு நான் வாயால சொல்லணும். இது அதுவாவே சொல்லுது. நாளைக்கு இதையே காட்டுவோம்."

"காட்டு. கண்டுபிடிச்சது கணேஷ்ராம்னு எழுது."

"என் வீட்டுக் குழிலே அது."

"கையை விட்டது நான்."

"யாரு கேட்டா உன்னைக் கையை விடச் சொல்லி?"

"ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்க" என்றார் பிரம்மநாயகி. "குழி வெட்டச் சொன்னது நான். மட்டையைப் போட்டது நான். வெள்ளிக்கிழமை தவறாம ஊத்துனது நான். பேரு போடுததா இருந்தா யாரு பேரை முதல்ல போடணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

சுகிர்தா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எங்கே அதையெல்லாம் கேட்டேன்? வெயிலில் அந்த மட்டை தகதகவென்று ஜொலித்தது. வாயைத் திறந்தபடி, கண்ணை எடுக்காமல், என் வீட்டுக் கொல்லையில் எத்தனை தேங்காய் மட்டை கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரம்மநாயகி என் முகத்தைக் கவனித்தார். மட்டையைக் கவனித்தார். மறுபடி என் முகத்தை.

"ஆத்தாடி, இந்த அண்ணாச்சி பாக்கதைப் பாருங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களையைப் பார்த்து நடந்தார்.

இரண்டு வாத்தியார்களும் ஒரே நேரத்தில் அந்த வாசலை மறித்துக் கையை விரித்தார்கள். நாற்பது வருஷத்தில் முதல் முறையாக இருவர் வாயிலும் ஒரே சொல் வந்தது.

"உப்பு வேண்டாம்."